தனியர் இலக்கணம்: கண்டிச் சபைகளுக்கு ஓர் உரைநூல்

பாயிரம்

வடக்கே கட்டுகஸ்தோட்டைப் பாலம், தெற்கே ஹந்தானை மலை, கிழக்கே தென்னெக்கும்புர, மேற்கே பிலிமத்தலாவை. இந்நான்கு எல்லைக்குள் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வரும் கிறிஸ்தவருள் மணமாகாதார் எத்தனை வகையினர், அவரை வினவுவோர் எத்தனை வகையினர், வினவியதால் விளைந்தது யாது என்று ஆராய்வது இந்நூல்.

இந்நூல் வேண்டப்பட்டது எற்றுக்கு எனின், கண்டியில் மற்றெல்லாம் வகைப்பட்டுவிட்டன. தேயிலை பி.ஓ.பி., டஸ்ட் எனத் தரம் எழுதிக்கொண்டுதான் தொழிற்சாலையை விட்டு இறங்குகிறது. பேராதனைப் பூங்காவில் மரத்துக்கு மரம் இலத்தீன் பெயர் தொங்குகிறது. கண்டியச் சிங்களவருக்கான 1952ஆம் ஆண்டு விவாகச் சட்டம் மணத்தையே தீக, பின்ன என இரண்டாகப் பிரித்து, பெண் புகுந்த வீடு போனாளா, மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்தானா என்று பதிவேட்டில் குறிக்கச் சொல்கிறது. ஆராதனை முடிந்து பிளேன்டீக் கோப்பையோடு தூணோரம் நிற்கும் முப்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருவருக்குத்தான் இன்னும் சரியான வகை இல்லை. ஊர் அவருக்கு எழுதி வைத்திருப்பது ஒரே வரி: இன்னும் சரிவரவில்லை.

அவையடக்கம்: இந்நூலில் குற்றம் காண்போர் தாராளமாகக் காண்க. தேநீர் மேசையில் வைத்துக் காணற்க.

இயல் 1: முதனூல் ஆராய்ச்சி

மனிதரை வகைப்படுத்துவது வீண்வேலை என்பார்க்கு மத்தேயு 19:12 விடை. மணவிலக்குப் பற்றிய கடும் போதனையைக் கேட்ட சீடர், அப்படியானால் கல்யாணம் கட்டாதிருப்பதே மேல் என்று சலித்துக்கொள்ள, இயேசு மணவாதாரை மூன்றாக வகுத்தார். பிறவியிலே அவ்வாறானோர், மனிதரால் அவ்வாறாக்கப்பட்டோர், வான அரசின் பொருட்டுத் தாமே அந்நிலை ஏற்றோர். ஏற்க வல்லவர் ஏற்கட்டும் என்று அதை முடித்தும் வைத்தார். மூன்று வகை சொன்ன ஆசிரியர் ஒன்றுக்கும் வயதெல்லை சொல்லவில்லை என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க.

இதற்கு உரை செய்தவர் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தின் ஏழாம் அதிகாரம் முழுக்க இப்பொருளே. எல்லாரும் தம்மைப் போல் இருந்தால் நல்லது என்கிறார். ஆயினும் அவரவர்க்கு அவரவர் வரம் என்கிறார். கட்டினாலும் பாவமில்லை, கட்டாவிட்டாலும் பாவமில்லை என்கிறார். கட்டினவருக்கு இரண்டு பக்கமும் கவலை, கட்டாதவருக்கு ஒரு பக்கக் கவலை என்று கணக்கும் காட்டுகிறார். இடையிடையே, இது ஆண்டவர் கட்டளை, இது என் அபிப்பிராயம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். தன் அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்றே சொன்ன உரையாசிரியர் அவர். கண்டியில் இம்மரபு வழக்கொழிந்தது.

அற்றேல், மனிதன் தனியே இருப்பது நன்றன்று என ஆதியாகமம் 2:18 கூறுகின்றதே எனின், உண்மை. அவ்வசனம் பிறந்த அன்று உலகத்து மக்கள்தொகை ஒன்று. மாலை ஐந்து மணிக்குக் கண்டி பஸ் நிலையத்தில் பேராதனை பஸ்ஸுக்கு முண்டியடிப்பவர் அந்நிலையில் இல்லை என்று விடுக்க.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கர் தம் திருச்சபைக்குப் பாறையாகக் கொண்ட பேதுருவுக்கு மாமியார் இருந்தார். அவருடைய காய்ச்சலை இயேசு குணமாக்கிய செய்தி மாற்கில் உண்டு. சீர்திருத்தச் சபையார் தம் இறையியலுக்குத் தூணாகக் கொண்ட பவுலுக்கோ மனைவி இல்லை. மாமியார் உள்ளவர் பெயரால் துறவியர் ஆளும் சபை எழுந்தது. மனைவி இல்லாதவர் பெயரால் பாஸ்டரம்மா இன்றி இயங்காத சபை எழுந்தது. இரு சாராரும் தத்தம் ஆசிரியரைக் கைமாற்றிக்கொண்டால் கணக்குச் சரியாகும் என்று ஒருசார் ஆசிரியர் கூறுவர். அதை யாம் வழிமொழியவில்லை, குறித்து வைக்கிறோம்.

இயல் 2: தனியர் வகை

நேர்ந்தோர் உழைப்போர் நெறிவகுத்து உறைவோர்
காத்தோர் இழந்தோர் காரணம் இல்லோர்
அறுவகைத் தாகும் தனியர் குழுவே.

இது தனியர் தொகையும் பெயரும் கூறுகின்றது.

முதலாவது, நேர்ந்தோர். கற்பு வாக்குக் கொடுத்தவர். இவ்வகையின் முதல்வர் புனித யோசேவ் வாஸ். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து தமிழ் கற்று, 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையில் வைத்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரியன் காலத்தில் விடுதலை பெற்று, 1697இல் ஊரில் அம்மை வார்த்தபோது, ஓடினவர் ஓட, நோயாளரைத் தூக்கிச் சுமந்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் கத்தோலிக்கம் நிலைத்ததே ஒரு பிரமசாரியின் காலடியில் என்பது இதனால் பெறப்படும்.

பின்னர் இவ்வகைக்கு நிலையான இருப்பிடங்கள் அமைந்தன. நல்லாயன் கன்னியர் 1889இல் கண்டியில் மடம் நிறுவினர். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் அம்பிட்டியில் அமைத்த குருமடத்துக்கு இந்தியாவெங்கும் இருந்து மாணவர் வந்து படித்தனர். அது 1955இல் பூனாவுக்குப் பெயர, அதே மலையில் இலங்கைக்கான தேசியக் குருமடம் அமைந்தது. இவரை மலையில் உறைவோர், தெருவில் உறைவோர் என இரண்டாகவும் பிரிப்பர். இரண்டாமவருக்கு எடுத்துக்காட்டு இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர் உரிமைக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தவர்.

நேர்ந்தோர்க்கு உலகம் தந்த சலுகை ஒன்றுண்டு. அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வெள்ளை அங்கியே விடை சொல்லிவிடுகிறது. குருமடத்தில் ஐந்து வருடம் படித்து, இது நமக்குரியதன்று என்று தெளிந்து வீடு திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் படலையைத் திறப்பதற்குள் மூன்று பேர் பெண் சொல்லியிருப்பார்கள். இவர் நேர்ந்து மீண்டோர் எனப்படுவர். சபை இவரைக் காத்தோரில் சேர்க்கும், அது தவறு.

இரண்டாவது, உழைப்போர். வாக்கு ஏதும் கொடாமல், எடுத்த பணியே வீட்டை நிறைத்தவர். சீர்திருத்தச் சபைகள் ஒருகாலத்தில் இவ்வகையில் செல்வச் செழிப்போடு இருந்தன. ஹில்வூட் கல்லூரியை 1890இல் தொடங்கிய சர்ச் மிஷனரி சங்கத்து (சி.எம்.எஸ்.) மிஷனரி எலிசபெத் பெல்லர்பி முதலாகக் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரிற் பலர் தனிப்பெண்கள். கண்டித் தோட்டங்களின் தமிழ் ஊழியத்துக்கு 1854 முதல் உபதேசிமாரை அனுப்பிவைத்த திருநெல்வேலிச் சீமையில், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1916இல் தனிப்பெண்களுக்கென ஒரு சகோதரியர் குழுவையே அமைத்தார். வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் டாக்டர் சவரிராயன் யேசுதாசனும் டாக்டர் ஏர்னஸ்ட் பேட்டனும் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் கண்டனர். இருவரும் மணம் செய்யாதவர். ஊரார் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். மனைவி மக்கள் இல்லாதவருக்கு ஊரே தம்பி தங்கையாகிவிட்டது. யாழ்ப்பாணம் மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமமும் (1939) இவ்வழி வந்ததே.

கண்டிக்கு உரிய எடுத்துக்காட்டு ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் சென். போல்ஸ் ஆலயம் குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டத்துக்கு 1962இல் ஆயராக வந்தவர் இவர். அங்கிலிக்கன் ஆயர் கல்யாணம் கட்டத் தடையில்லை; இவர் கட்டவில்லை. 1983 யூலைக் கொடுமைக்குப் பின், சிங்களவர் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் மக்களுக்கே எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் 56 வயதில் இறந்தார். ஒரு பக்கக் கவலை உடையவர் என்று பவுல் சொன்னதன் பொருள் இவரிடத்தில் விளங்கும். அந்த ஒரு பக்கம் அகலமானது.

மூன்றாவது, நெறிவகுத்து உறைவோர். இவர் மிக அரியர். கண்டி நாட்டில் தெளிவாகப் பதிவான ஒரே குழு ரொபர்ட் நொக்ஸ் குழு. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துவந்த ஆங்கிலக் கப்பற்காரருள் நொக்ஸ் ஓர் இளைஞர். தொப்பி பின்னி விற்றார்; நெல்லை வட்டிக்குக் கொடுத்தார்; ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில வேதாகமத்தைத் தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கினார். பிறகு கண்டிக்கு அண்மையில் எலதெத்தவில் நிலம் வாங்கி, இன்னும் மூன்று ஆங்கிலேயரோடு ஓர் உடன்படிக்கை செய்தார். இவ்வீட்டில் பிரமசாரிகள் மட்டுமே வாழலாம். கல்யாணம் கட்டுபவர் வீட்டிலும் நிலத்திலும் தமக்குள்ள உரிமையை இழந்து வெளியேற வேண்டும்.

விளைவு யாது எனின், நால்வரில் இருவர் விடுதலை வருமென்ற நம்பிக்கை தேய்ந்து, தனிவாழ்வு கடினம் என்று கண்டு பெண் எடுத்தனர், உடன்படிக்கைப்படி வெளியேறினர். எஞ்சிய நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்டும் 1679இல் காடுவழியே அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடினர். நொக்ஸ் 1681இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்டார். 1720இல் மணமாகாமலே இறந்தார். கட்டினவர் தங்கினார், கட்டாதவர் தப்பினார் என்று இதற்கு உரை கூறுவோர் உளர். அது மேலோட்டமான உரை. சரியான உரையை நான்காம் இயலில் காண்க.

நான்காவது, காத்தோர். எண்ணிக்கையில் மிகப் பெரிய வகை இதுவே. எதற்காகக் காக்கின்றனர் என்பதைக் கொண்டு ஐந்து உட்பிரிவு கூறுவர்.

கீழ்க்காப்பு: தங்கச்சிமார் மூவரும் கரையேறும்வரை காக்கும் அண்ணன். மூன்றாம் தங்கச்சியின் வரவேற்பு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, அண்ணன் தலை நரைத்ததை அன்றைக்குத்தான் ஊர் கவனிக்கும்.

கடற்காப்பு: ரொறன்ரோவில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பி.ஆர். கிடைக்கும்வரை காக்கும் பெண். மாப்பிள்ளைக்குப் பி.ஆர். கிடைக்கும், அதோடு ரொறன்ரோவிலேயே பெண்ணும் கிடைத்துவிடுவதுண்டு.

சீதனக்காப்பு: விளக்கம் வேண்டா.

சபைக்காப்பு: கண்டியில் இது நுட்பமானது. கத்தோலிக்கப் பெண் மெதடிஸ்ற் பையனைக் கட்ட ஆயரிடம் அனுமதி எடுத்தால் போதும்; அப்பாவிடம் எடுப்பதுதான் கடினம். பெந்தகொஸ்தே வீட்டார் அங்கிலிக்கன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் முதற்கேள்வி சம்பளம் பற்றியதன்று. “பிள்ளை தங்கமான பிள்ளைதான். ஞானஸ்நானம் தொட்டியிலயா, தலையிலயா?” தலையில் தெளித்தது என்றால் பேச்சுத் தண்ணீரிலேயே நின்றுவிடும்.

குலக்காப்பு: கிறிஸ்துவுக்குள் வேறுபாடில்லை என்ற பிரசங்கத்துக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஞாயிறுப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரிப்பவர், ‘கிறிஸ்தவ’ என்னும் அடைக்குப் பக்கத்திலேயே இன்னோர் அடையும் அச்சாகியிருக்கக் காண்பர். சாதகம் பார்ப்பது பாவம் என்று சபையில் சாட்சி சொன்ன குடும்பம், பிறந்த நேரத்தை மட்டும் துண்டில் எழுதிக் கேட்டு வாங்குவதும் இதன்பாற் படும். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தானாம்.

காத்தோரிடம் பிழையில்லை. காக்கவைத்ததைச் சபை ஆண்டவரின் சித்தம் என்று எழுதிவைப்பது பிழை. சீதனம் கேட்டு முறிந்த பேச்சைத் தேவசித்தம் என்பது, கேட்டவருக்குப் பெரிய வசதி.

ஐந்தாவது, இழந்தோர். கைம்பெண்டிரும் மனைவியை இழந்த ஆடவரும் இவ்வகையினர். ஆதித் திருச்சபை கைம்பெண்களுக்குப் பட்டியலே வைத்திருந்தது. அறுபது வயதுக்குக் குறையாதவரை அதில் சேர்க்க என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதற் கடிதம் விதிக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் பராமரிப்பு உண்டு. கண்டிச் சபைகளிலும் பட்டியல் உண்டு. நத்தாருக்கு ஒரு சேலை உண்டு.

இவ்வகையின் ஓரத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கூட்டம் நிற்கிறது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்களும், அவர் அனுப்பும் காசில் பிள்ளை வளர்க்கும் கணவன்மாரும். முறையாக மணமானவர், பதிவுத்தாள் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வருடக் கொன்ராக்ட் நான்காகி ஆறாகும்போது இருவரும் தனியரே. தம்பதியர் கூடுகைக்கு அழைப்பு வந்தால், மனிதர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாங்கில் உட்கார்ந்திருப்பார். பாஸ்டர் ‘கணவன் மனைவி கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பார். அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வார். இவரைத் தனியர் என்று கொண்டால் பதிவேடு தடுக்கும்; மணத்தார் என்று கொண்டால் வாழ்க்கை தடுக்கும். இந்நூல் இவரை ஐந்தாவது வகையில் அடக்குகிறது. அடங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

ஆறாவது, காரணம் இல்லோர். வாக்கும் இல்லை, பெரும்பணியும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை, காத்திருப்பும் இல்லை, இழப்பும் இல்லை. வங்கியிலோ பாடசாலையிலோ வேலை. பாடகர் குழுவில் ஆல்டோ அல்லது பேஸ். சனிக்கிழமை மாலை வாவியைச் சுற்றி ஒரு நடை. இவ்வகைக்கு முன்னோர் யார் எனின், கண்டியின் முதல் ஆங்கில ரெசிடென்ற் சேர் ஜோன் டொயிலி. தந்தையார் அங்கிலிக்கன் ஆர்ச்டீக்கன். மகன் சிங்களம் கற்று, ஊருணவு உண்டு, துறவி போல் வாழ்ந்தார். 1821இல் பரம்பரைப் பட்டமாகிய பாரோனெற் கிடைத்தது. 1824இல் காய்ச்சலில் இறந்தார். பரம்பரை இல்லாததால் பட்டமும் மூன்று ஆண்டில் இறந்தது. கண்டிக் காவற்படை மயானத்தில் அவருக்கும் பட்டத்துக்கும் ஒரே கல்லறை.

காரணம் இல்லோர் மகிழ்ச்சியாக இருப்பர், சிலவேளை மகிழ்ச்சியின்றியும் இருப்பர். இவ்விடத்தில் மணத்தாரிலிருந்து இவரைப் பிரித்தறியும் இலக்கணம் கிடைத்திலது.

இயல் 3: வினவுவோர் வகை

நேரே கேட்டலும் ஜெபத்தில் ஏற்றலும்
வசனம் எய்தலும் வரன்பெயர் சொரிதலும்
பேசாது நோக்கலும் வினவுதல் ஐந்தே.

நேரே கேட்டல்: “என்ன தங்கச்சி, நம்மளுக்குக் கல்யாணச் சாப்பாடு எப்ப போடப்போற?” கேட்பவர் தோட்டத்து மாமா. ஐந்தில் மிகக் குறைந்த கொடுமை இதுவே. “நீங்க ரோல்ஸ் சாப்பிடுங்க மாமா” என்றால் முடிந்தது.

ஜெபத்தில் ஏற்றல்: இது வீட்டு ஜெபக்கூட்டத்தில் நிகழும். எல்லாரும் கண்மூடியிருக்க, ஒரு சகோதரி உரத்த குரலில், ஏற்ற காலத்தில் ஏற்ற துணையை இந்தப் பிள்ளைக்குக் காட்டும் ஆண்டவரே என்று மன்றாடுவார். கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிக்க இயலாது. ஆமென் என்று சொன்னால் விண்ணப்பதாரர் ஆகிவிடுவோம். சொல்லாதுவிட்டால் அவிசுவாசி ஆகிவிடுவோம். இருமிச் சமாளிப்பது வழக்கு.

வசனம் எய்தல்: ஆதியாகமம் 2:18 முன்னரே ஆராயப்பட்டது. ஆறுதலுக்கென எய்யப்படுவது ஈசாக்கு. அவருக்கு நாற்பது வயதில்தான் ரெபெக்காள் கிடைத்தாள் என்பார்கள். முப்பத்தெட்டு வயதில் இது ஆறுதல். நாற்பத்தொன்றில் கேட்டுப் பார்க்க.

வரன்பெயர் சொரிதல்: “எங்கட பெரியம்மாட மகன் ஒராள் லண்டனில இருக்கிறார், டீச்சர். வயசு கொஞ்சம் கூட. முந்தி ஒருக்கா எழுத்து நடந்து சரிவரேல்ல. மற்றும்படி நல்ல மனிசன்.” இங்கு ‘கொஞ்சம்’ என்பது பதின்மூன்று ஆண்டு வரை விரியும். பெண்ணுக்குச் சொல்லப்படும் வரனின் தரம் அவர் வயதுக்குத் தலைகீழ் விகிதத்தில் இறங்கும் என்பது இவ்வியலில் யாம் கண்ட விதி. ஆணுக்கு இறங்கும் வேகம் பாதி.

பேசாது நோக்கல்: கல்யாண வரவேற்பில் மைக் பிடித்தவர், “கல்யாணம் ஆகாத பெண்கள் எல்லாரும் முன்னுக்கு வாங்கோ” என்று அழைப்பார். மணப்பெண் பூச்செண்டு எறிவதற்கு. பதினெட்டு வயதுக் குமரிகள் ஏழெட்டுப் பேர் ஓடுவார்கள். மண்டபம் முழுவதும் ஒரு மேசையை மட்டும் திரும்பிப் பார்க்கும். அந்த மேசையிலிருப்பவர் கட்லட்டை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்துகொண்டிருப்பார்.

மணக்கப்போவோருக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை சொல்வோர் உளரோ என்று சபை கேட்கிறது. மணவாதோருக்கு ஆண்டின் எல்லா ஞாயிறும் வாசிக்கப்படுகிறது. அங்கே தடை சொல்ல அவருக்கே வாய்ப்பில்லை.

இயல் 4: வீட்டியல்

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது எனின், முதல் மூவகையினருக்கும் பொதுவாயிருப்பது ஒரு வீடு. வாக்கு, வரம், வைராக்கியம் என்று ஆசிரியர் பலர் பலவாறு கூறினும், நேர்ந்தோருக்கு மடம் இருந்தது. உழைப்போருக்கு மிஷன் பங்களாவோ ஆசிரமமோ இருந்தது. நொக்ஸுக்கு எலதெத்த இருந்தது. மணி அடித்தால் சாப்பாடு, காய்ச்சல் என்றால் கஞ்சி, வயது போனால் ஒரு கட்டில். நொக்ஸ் முதலிய நால்வரும் கற்பு விரதம் எடுக்கவில்லை. வீட்டுரிமைப் பத்திரம் எழுதினர். மேலே சொன்ன சரியான உரை இதுதான்: பிரமசாரிக்கு முதலில் வேண்டியது கூரை என்று ஒரு கப்பற்காரன் கண்டுகொண்டான்.

லூத்தர் 1525இல் கத்தரீனா வொன் போராவைக் கட்டினார். முன்னாள் துறவி முன்னாள் கன்னியாஸ்திரியை மணந்தது மணவாழ்வுக்கு மதிப்பைக் கொடுத்தது, நல்லதே. சீர்திருத்த நாடுகளில் மடங்கள் அடைபட்டன. அடைத்தவர் அவற்றுக்குப் பதிலாகக் கட்டியது குருமனை, அது குடும்பத்துக்கானது. ஆகவே இன்றைய நிலை இது. கத்தோலிக்கச் சபை தனியருக்கு வீடு தரும், வாக்குக் கொடுத்தால். சீர்திருத்தச் சபை வீடு தரும், ஊழியத்தில் சேர்ந்தால். காரணம் இல்லோருக்கு இருவரும் தருவது புன்னகை. அவர் கட்டுகலையில் ஓர் அனெக்ஸ் தேடுகிறார். போனில் முதற்கேள்வி: “ஃபேமிலியா?” இல்லை என்றால் வாடகை கூடும், அல்லது வீடு நேற்றே போயிருக்கும். வீட்டுக்காரர் யார் எனின், அதே சபையின் மூப்பர்.

அற்றேல் சபை எல்லாருக்கும் மடம் கட்ட வேண்டுமோ எனின், வேண்டா. முதனூலிலேயே வழி உண்டு. தனியரே மேல் என்று ஏழாம் அதிகாரம் எழுதிய பவுல் அந்தக் கொரிந்து நகரில் எங்கே தங்கினார்? அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரம் விடை கூறும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியர் வீட்டில். மூவருக்கும் கூடாரம் செய்யும் ஒரே தொழில். பகலில் ஒன்றாய்த் தைத்தனர், ஒன்றாய் உண்டனர். பவுலுக்கு இருந்த ஒரு பக்கக் கவலைக்கு மறுபக்கம் சோறு போட்டது ஒரு கல்யாணமான வீடு. அந்த வீட்டுக்கு அவர் வாடகைக்காரரும் அல்லர், வரன் தேடவேண்டிய பிள்ளையும் அல்லர். தனிமையும் மணமும் எதிரெதிர் நெறிகள் என்று பிரசங்கிப்போர் இந்த முகவரியைத் தவறவிட்டனர்.

புறனடை

மேற்கூறிய அறுவகையுள் அடங்காதோர் உளராயின் அவரையும் கொள்க. ஒருவர் வகை மாறுவதும் உண்டு. நொக்ஸ் வீட்டிலிருந்து இருவர் போனார்கள், அவரை யாரும் சபிக்கவில்லை. எவ்வகையினரிடத்தும் பின்வரும் ஒரு விதியே செல்லும்.

‘எப்போது’ என்று கேட்பதை விடுக்க. ‘மத்தியானம் எங்க சாப்பாடு?’ என்று கேட்க. ‘போர்டிங்கில’ என்று விடை வந்தால், இடியப்பமும் சொதியும் உள்ள வீட்டார் கூட்டிப்போக. வந்தவரைப் பிள்ளைகளோடு பாயில் இருத்தாது மேசையில் இருத்துக. வெங்காயம் உரிக்கச் சொல்க; விருந்தாளிக்கு அது வராது, வீட்டு ஆளுக்கு வரும். மாதம் ஒருமுறை இது நடந்தால் விதி நிறைவேறியது என்க.

சாப்பிட்டு முடிந்து கைகழுவும்போது, ‘அதுசரி டீச்சர், எங்கட தம்பி ஒராள் இருக்கிறார்’ என்று தொடங்கின் அது வழு, வழுவமைதி இல்லை. மறுபடியும் முதல் ஞாயிற்றிலிருந்து தொடங்குக.